தவழும் குழந்தையும் வீட்டுத் தரையும்

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923-ஆம் ஆண்டில் தோன்றியது. பட்டாசு பின்னர் வந்தது. பட்டாசு ஆலையிலிருந்து திரும்பும் தாயின் சேலையில் ஒட்டிய அலுமினியப் பொடியும் கந்தகமும் அவளுடன் வீட்டிற்குள் நுழைகின்றன. தவழும் குழந்தையோ தரையில் ஊன்றிய கையையே வாயிலிடும். ஆகவே பாத்திரம் துலக்காமல் கிடந்தாலும் கிடக்கட்டும், தரையே முதற்கவலை. வேலைச் சேலையைப் புழக்கடை மறைவிலேயே மாற்றித் தனியே துவையுங்கள். குழந்தைத் துணியுடன் சேர்க்கலாகாது. கணவர் சட்டைக்கும் இதே விதிதான். அதை அவரே துவைத்தால் இன்னும் நன்று. கைகால் முகம் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குங்கள். உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்புமேயன்றி அகற்றாது, ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் அரிதான நம் கரிசற் சீமையிலும் அதற்கு அரை வாளி போதும். மருந்துப் பொடி ஒரு சிட்டிகையும் வீட்டிற்குள் வரலாகாது. உரிமமின்றி வீட்டில் பட்டாசு செய்வது சட்டவிரோதம், அடுப்போ அருகிலேயே எரிகிறது.