பல் பிடுங்கிய பின் கண் வீங்கினால்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளின் ஞாயிறு கூட்டத்தில், கொட்டாஞ்சேனையில் பேசியது)



சம்பளம், லீவு பற்றிப் பேசத்தான் கூடுவோம். இன்றைக்குப் பல்லைப் பற்றி. சிரிக்காதீர்கள்.

எங்களிடம் படித்த பையன் ஒருவன் வெள்ளவத்தையில் ஒரு கடையில் நின்றான். மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினான். கன்னம் வீங்கியது. அது வழக்கம்தானே என்று விட்டுவிட்டான். மூன்றாம் நாள் வீக்கம் கண்ணுக்கு ஏறி இமை மூடிக்கொண்டது, காய்ச்சலும் வந்தது. முதலாளி, "சனிக்கிழமை வியாபாரம், நாளைக்குப் போ" என்றார். பார்மசியில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நின்றான். இன்று அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலே கன்ன எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. அந்த அறையின் கூரைதான் கண்குழியின் தரை. மிக மெல்லிய எலும்பு. பல்லில் பிடித்த கிருமி அந்த வழியாக மேலே ஏறலாம். கண்குழியைச் சுற்றி எலும்பு; உள்ளே சீழ் கட்டினால் விரிய இடமில்லை, பார்வை நரம்பு நசுங்கும். மூளைக்கும் போகலாம். அபூர்வமாகத்தான் வரும். சீனி வருத்தம் உள்ளவர்கள் கூடுதல் கவனம். இதற்குப் பயந்து பல் பிடுங்காமல் இருந்துவிடாதீர்கள். சொத்தைப் பல்லை அப்படியே வைத்திருந்தாலும் இதே ஆபத்து உண்டு.

இமை வீங்கினால், கண்ணை உருட்டும்போது நொந்தால், முழி வெளியே தள்ளினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், மங்கினால் விடியும்வரை இருக்காதீர்கள். ஒத்தடமும் வேண்டாம். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அரசாங்க ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் சீழை எடுப்பார்கள். அதற்கும் காசில்லை. டொக்டரிடம் முதல் வார்த்தையாகப் பல் பிடுங்கியதைச் சொல்லுங்கள். கண்ணை மட்டும் காட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்?

லீவுக்கு வருவோம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, ஒரு வருடம் வேலை செய்தவருக்கு வருடத்தில் 7 நாள் அமய லீவு உண்டு. சுகவீனத்துக்கும் எடுக்கலாம். முதலாளி போடும் பிச்சை அல்ல. வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. அது இன்னும் முடியாத சண்டை.

தோட்டத்தில் இதை வாசிக்கும் பெற்றோரே, பிள்ளை போனில் "கண்ணு வீங்கியிருக்கு" என்றால் "அரைப்பேர் போனாலும் பரவாயில்லை, இப்பவே போ" என்று சொல்லுங்கள்.

லீவு மறுத்தால் எங்களுக்கு எடுங்கள், நடு ராத்திரி என்றாலும். ஆனால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் நாங்கள்.