தையல் இயந்திரமும் ஒரு தலையணை உறையும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் கண்டி–யாழ்ப்பாணப் பெருந்தெருவில், நாலந்தாவைக் கடந்ததும் வருவது நாவுல என்னும் ஊர். ஏனைய ஊர்களைப் போலவே இங்கும், பள்ளிக்கூடம் திறக்கும் காலம் நெருங்கும்போது பிள்ளைகளைப் பெற்றோர் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அரச பாடசாலை மாணவர்க்கு இலவசச் சீருடைத் துணி வழங்கும் திட்டம் 1993ஆம் ஆண்டு தொடங்கியது. துணி இலவசமாகக் கிடைத்தாலும் தையற்கூலி இலவசமன்று. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அக்கூலி மும்மடங்காகிறது. கூலி கொடுக்கக் காசு சேரும்வரை துணி பெட்டிக்குள் கிடக்க, பிள்ளை சென்ற ஆண்டின் இறுகிப்போன சட்டையோடு வகுப்புக்கு வருவதும் உண்டு.

இதில் வியப்பு யாதெனில், அவ்வாறான சில வீடுகளிலேயே பாட்டியார் காலத்துத் தையல் இயந்திரம் ஒன்று மூலையில் இருக்கும். அதன்மேல் ஒரு விரிப்பு; விரிப்பின்மேல் வானொலிப் பெட்டி! சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. அதன் பெயரே தையல் இயந்திரத்துக்கு மறுபெயர் என்னும்படி வழங்கலாயிற்று. மிதி இயந்திரம் சீதனப் பொருள்களுள் ஒன்றாகவும் சென்றது. இத்தனை காலம் வீட்டோடு இருந்த பொருளைத் தொடுவதற்கு இன்று பலர் அஞ்சுகின்றனர். ‘ஊசி முறியும், நூல் சிக்கும், நல்ல துணி பாழாகும்’ என்பதே அவர்கள் கூறும் காரணம்.

இயந்திரங்களை அவ்வளவாக விரும்பாத காந்தியடிகளும் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். தம் மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு மனம் பொறாமல் சிங்கர் அதனை ஆக்கினார் என்பது அடிகள் எடுத்துக்காட்டிய கதை. வரலாறு சற்று வேறு. 1846இல் எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்றுவிட்டார். ஐசக் சிங்கர் 1850இல் பொஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில், பழுதுபார்க்க வந்த வேறொரு இயந்திரத்தைக் கண்டே தமது இயந்திரத்தை அமைத்தார்; மறு ஆண்டு காப்புரிமை பெற்றார். கதை பொய்யெனினும் அடிகளின் மதிப்பீடு பொய்யன்று.

இயந்திரத்தின் இரகசியம் ஊசியில் இருக்கிறது. கையூசிக்குக் காது பின்புறத்தில்; இயந்திர ஊசிக்கோ முனையருகில். மேல்நூலைத் தாங்கி ஊசி துணிக்குக் கீழே இறங்கிச் சற்றே மேலெழும்போது, நூல் தளர்ந்து சிறு வளையமாகிறது. கீழேயுள்ள கொக்கி அவ்வளையத்தைப் பற்றிப் பொபின் நூலைச் சுற்றி அனுப்புகிறது. இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. இவ்வளவு விளங்கிவிட்டால் அச்சம் பாதியாகும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையங்கள் தொங்கினால் மேல்நூலின் இறுக்கம் போதாது, அல்லது நூல் கோத்த வழி தவறு என்று அறியலாம். புதிதாய்ப் பழகுவோர் கீழே கோளாறு கண்டால் பொபினையே குற்றஞ்சாட்டுவர். குற்றவாளி பெரும்பாலும் மேலே இருக்கிறான்.

முதல் நாளில் நூலே வேண்டாம். கைச்சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாது. சக்கரம் மட்டும் சுழலும். கால்களுக்கு மிதியைப் பழக்க இதுவே வழி. சக்கரத்தின் மேற்பகுதி தைப்பவரை நோக்கி வரவேண்டும். எதிர்ப்புறம் சுழன்றால் நூல் சிக்கும். மிதியைக் காலால் மட்டுமே தொடங்க முயன்றால் அது பின்னோக்கி ஓடிவிடும். ஆதலின் வலக்கையால் சக்கரத்தைத் தொடக்கிவிட்டுக் கால் வைப்பது நன்று. அடுத்து, கோடிட்ட பழைய கொப்பித் தாளை வைத்து, நூல் கோக்காமல் கோட்டின்மேல் ஊசியை ஓட்டலாம். துளைகள் கோட்டைவிட்டு விலகாத நாளே துணியெடுக்கும் நாள். தாள் ஊசியை மழுக்குமாகையால் அதன்பின் ஊசியை மாற்றுதல் அவசியம்.

முதல் வேலைக்குத் தலையணை உறையே தகுதி. வளைவு இல்லை, பொத்தான் இல்லை. பிழைத்தாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். 26 அங்குல நீளமும் 18 அங்குல அகலமுமுள்ள தலையணைக்கு 60 அங்குல நீளம், 19 அங்குல அகலமுள்ள பருத்தித் துணி வேண்டும். தலையணை மிகப் பருமனாயின் அகலத்தில் ஓரங்குலம் கூட்டிக்கொள்க. வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்துதல் கட்டாயம். பின்னர் சுருங்கினால் உழைப்பு வீணாகும்.

இரு குறுகிய ஓரங்களையும் அரையங்குலம், மீண்டும் அரையங்குலம் மடித்துத் தைக்க வேண்டும். பின்பு நற்புறம் மேலே தெரியத் துணியை விரித்து, ஒரு முனையிலிருந்து 26 அங்குலத்தை மேலே மடித்தல் வேண்டும். மறு முனையில் எஞ்சும் 6 அங்குல மடலை அதன்மேல் மடிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மடல் வெளியே நிற்கும். இரு பக்கங்களையும் அரையங்குலம் விட்டுத் தைத்து, முழுவதையும் புறம் திருப்பினால் மடல் உள்ளே சென்று தலையணையைக் காக்கும்.

தைக்கையில் துணியை இழுத்தலாகாது. இயந்திரத்தின் பற்களே அதனை நகர்த்தும். கை வழிகாட்டினாற் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி முறிகிறது. மூன்று மடிப்புகள் சேருமிடத்தில் காலை நிறுத்திக் கையால் சக்கரத்தைச் சுற்றுவது பாதுகாப்பு.

ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களும் சிலவேளை முழுச்சட்டை தைக்கத் தயங்குவர். 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்கும் இத்தொழிலைக் கொண்டுவந்தது. எனினும் ஒருவர் நாள் முழுதும் கழுத்துப்பட்டியை மட்டும், மற்றவர் கையை மட்டும் தைப்பதே அங்குள்ள முறை. நேர்க்கோட்டில் ஓடும் கை அவர்களுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது; துண்டுகளைப் பொருத்தும் வரிசை மட்டுமே எஞ்சியது. உறை இரண்டு தைத்தபின் பழைய சட்டையொன்றின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தாளில் வரைந்து, அவ்வளவில் பழந்துணியில் ஒருமுறை தைத்துப் பார்க்கட்டும். இலவசத் துணியைக் கத்தரிக்கோல் தொடுவது அதன் பின்னரே.