ஆங்கில நாவலில் நன்மையும் தீமையும்



கதை கேட்கும் குழந்தை முதலிலே எழுப்பும் வினா, "இவன் நல்லவனா, கெட்டவனா?" என்பதாகும். விடை கிடைத்த பின்னரே அதன் மனம் கதையிற் செல்லும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலைப் படிக்கும் நம்மிற் பலரும் இக்குழந்தையின் நிலையிலேயே நின்றுவிடுகின்றோம். அந்த நாவலாசிரியர்களோ அவ்விடத்தில் நின்றாரல்லர்.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'ஒலிவர் டுவிஸ்ட்' என்னும் கதையிலே பிரிவினை தெளிவானது. திருடரைப் பழக்கும் பேகின், கொலைஞன் சைக்ஸ் ஆகியோர் ஒரு புறம். கருணையுள்ள பிரவுண்லோ மறுபுறம். ஏழைகள் விடுதியிற் பிறந்து, அடியும் பட்டினியுமாக வளர்ந்த ஒலிவர், கனவான் வீட்டுப் பிள்ளையைப் போலத் தூய ஆங்கிலம் பேசுகிறான். தீமை அவன்மேல் ஒட்டுவதில்லை. இது நம்பத்தக்கதா என்று கேட்பின், அன்று என்றே கூறுவேன். ஆயின் அக்கதையில் நான்சி என்றொரு பெண் உளள். திருடர் கூட்டத்திலே வளர்ந்தவள். ஒலிவரை அவர்களிடம் மீட்டுக் கொணர்ந்தவளும் அவளே. பின்னர் அவனைக் காக்க முயன்று, அதன் பொருட்டுச் சைக்ஸ் கையால் உயிர் துறந்தவளும் அவளே. நூலை மூடிய பின் நம் நெஞ்சில் நிற்பவள் நான்சியேயன்றி ஒலிவர் அல்லன்.

இனி, 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு நூலுக்கு வருவோம். ரொபேட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய டொக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைட் என்போரின் கதை அது. ஸ்டீவன்சன் பிறந்த எடின்பரோ நகரில் வில்லியம் புரோடி என்றொருவன் முன்னர் வாழ்ந்தான். பகலிலே மதிப்பு வாய்ந்த மரவேலைத் தலைவன், நகரசபை உறுப்பினன். இரவிலே கன்னமிடும் கள்வன். 1788இல் அவன் தூக்கிலிடப்பட்டான். அவன் செய்ததாகக் கூறப்படும் நிலைப்பேழை ஒன்று குழந்தை ஸ்டீவன்சனின் படுக்கையறையிலே இருந்தது. பின்னாளில் ஹென்லி என்னும் நண்பரோடு கூடிப் புரோடியைப் பற்றி ஒரு நாடகமும் அவர் எழுதினார்.

"ஜெக்கில் நல்லவர், ஹைட் தீயவன், நன்மைக்கும் தீமைக்கும் நிகழும் போராட்டமே இக்கதை" என்று மாணவர் எழுதுவர். புள்ளியும் பெறுவர்! நூலோ அவ்வாறு கூறவில்லை. ஹைட் முழுத் தீமையே. ஆயின் ஜெக்கில் முழு நன்மை அல்லர். மருந்தை அருந்துமுன் எத்தகைய கலவையாக இருந்தாரோ, அருந்தித் திரும்பிய பின்னும் அதே கலவையாகவே அவர் இருக்கிறார். தீமை மட்டும் தனி உடல் பெற்றது, நன்மை பெறவில்லை. ஏன்? மருந்துக்கு நன்மை தீமை தெரியாது. உயர்ந்த நோக்கோடு அருந்தியிருப்பின் தம்முள்ளிருந்து ஒரு தேவனே வெளிப்பட்டிருக்கலாம் என்று ஜெக்கிலே தம் இறுதி வாக்குமூலத்தில் எழுதுகிறார். அவர் தீமையினின்றும் நீங்க விரும்பவில்லை. நாணமின்றி அதனை நுகரவே விரும்பினார். ஹைட் ஒரு சிறுமியை மிதித்துச் சென்றபோது, சூழ்ந்தோர் நூறு பவுண் ஈடு கேட்கின்றனர். அவன் கொடுத்த காசோலையிலே கண்ணியவான் ஜெக்கிலின் கையொப்பம் இருக்கின்றது!

மற்றுமோர் இடம் இதனினும் நுண்ணியது. ஹைட் உருவிற் கொலையும் செய்துவிட்ட ஜெக்கில், அஞ்சி மருந்தைக் கைவிடுகிறார், துன்புறுவோர்க்கு உதவுகிறார். ஒரு நாள் ரீஜன்ற் பூங்காவின் ஆசனத்தில் இளவெயிலில் அமர்ந்து, தம் நற்செயலையும் பிறருடைய சோம்பலையும் ஒப்பிட்டுப் புன்முறுவல் கொள்கிறார். அக்கணமே உடல் நடுங்குகின்றது, குனிந்து பார்க்கின்றார், முழந்தாளின்மீது கிடப்பது ஹைட்டின் உரோமம் அடர்ந்த கை. இம்முறை அவர் மருந்து அருந்தவில்லை. தம் நன்மையைத் தாமே மெச்சிய எண்ணம் ஒன்றே போதுமானதாயிற்று.

ஸ்டீவன்சனுக்கு மருந்து வேண்டியிருந்தது. ஜோர்ஜ் எலியட் என்னும் புனைபெயர் கொண்ட மேரி ஆன் எவன்ஸ் அம்மையாருக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. 1871, 1872ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது 'மிடில்மார்ச்' நாவலில் புல்ஸ்ட்ரோட் என்னும் வங்கியாளர் வருகிறார். பக்தி மிக்கவர், மருத்துவமனைக்குப் பொருள் வழங்குபவர். அவர் செல்வத்தின் வேரோ, களவுப் பொருள் எனத் தெரிந்தும் வினவாது வாங்கிய ஓர் அடகு வாணிகம். வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திற் கடிந்த போலித் துறவியர் கூட்டத்தில் இவரைச் சேர்த்துவிடலாமா? எலியட் அதற்கு இசையார். புல்ஸ்ட்ரோட்டின் இறைநம்பிக்கை மெய்யானது. தம் ஆசை ஒவ்வொன்றையும் இறைவன் திருவுளத்தோடு சிறிது சிறிதாக இணக்கி விளக்கம் கூறிக்கொள்ள அவர் பழகியிருந்தார். அவ்வளவே.

பழைய இரகசியம் அறிந்த ராபிள்ஸ் என்பவன் அவரைப் பணத்துக்கு வருத்தி, ஈற்றில் அவர் பொறுப்பிலேயே நோயுற்றுக் கிடக்கின்றான். மது கொடுக்கலாகாது என்பது வைத்தியரின் கட்டளை; அபினுக்கும் அளவு விதித்திருந்தார். அவனைக் காத்திருந்த பணிப்பெண்ணுக்கு அபினை எப்போது நிறுத்தவேண்டும் என்பதைப் புல்ஸ்ட்ரோட் சொல்லத் தவறுகின்றார். பின்னர், பிராந்தி இருக்கும் பேழையின் திறவுகோலையும் அவளிடம் கொடுத்துவிடுகின்றார். நோயாளியின் உயிர் பிரிகின்றது. கத்தியுமில்லை, நஞ்சுமில்லை. எந்த நீதிமன்றம் இதனைக் கொலை என்று தீர்க்கும்? சைக்ஸின் கொடுமையைக் கண்டு நடுங்குவோர், இவ்விடத்தில் தம்மையே எண்ணி நடுங்குவர் என்பது என் கருத்து.

செய்தி ஊரெங்கும் பரவுகின்றது. மனைவி ஹரியெற் கடைசியாகவே அதனை அறிகின்றார். நல்ல ஆடைகளில் விருப்பமுள்ள, சாதாரணமான பெண்மணி அவர். அறைக்குள்ளே தனித்துச் சென்று தாளிட்டு அழுகின்றார். பின்னர் அணிகலன்களையெல்லாம் கழற்றி, எளிய கறுப்பாடை உடுத்து, பகட்டான தலையணியை நீக்கி எளியதொன்றை அணிந்து கீழே இறங்கி வருகின்றார். கணவர் தலை நிமிரமாட்டாது இருக்கின்றார். அவர் குற்றவாளியா அல்லரா என்று ஹரியெற் வினவவில்லை. அவர் கைமீது ஒரு கையும் தோள்மீது ஒரு கையும் வைத்து, நிமிர்ந்து பார்க்குமாறு சொல்கின்றார். இருவரும் அருகருகே அமர்ந்து அழுகின்றனர்.