ஆங்கிலத் தொடர்வினைகளும் நம் இளைஞர்களும்

 

25 ஆண்டுகள் நிறைந்த இவ்விழாவில் ஆங்கிலக் கல்வி பற்றிப் பேசுமாறு பணித்துள்ளனர். அது பெருங்கடல். நம் பிள்ளைகளை மிகுதியும் இடறச் செய்யும் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் நமக்கு நேர்ந்ததைக் கூறிவிடுவோம். பட்டம் பெற்ற புதிதில், அரூரிலிருந்து முதல் பேருந்தில் ஏறி ஒரு நேர்காணலுக்குச் சென்றோம். அறை மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஓர் அலுவலர், ‘ஹூ பிராட் யூ அப்?’ என்று வினவினார். ‘பிராட்’ என்றால் கொண்டுவந்தார். ‘அப்’ என்றால் மேலே. மாடிக்கு அழைத்துவந்தவர் யார் என்று கேட்கிறார் போலும் என்றெண்ணி, ‘பியூன், சார்’ என்றோம். அமர்ந்திருந்தோர் நகைத்தனர். உம்மை வளர்த்தவர் யார் என்பதே அக்கேள்வியின் பொருள்.

நம்மை வளர்த்தவர் நம் பாட்டியார். பிறர் கழனியில் நாற்று நட்டும் களை பறித்தும், கேழ்வரகுக் களியை நமக்கு ஊட்டிவிட்டுத் தாம் நீராகாரம் பருகியும் நம்மைப் பள்ளிக்கு அனுப்பியவர். அவரைப் பற்றி அந்த அவையில் சொல்லக் கிடைத்த வாய்ப்பு இரண்டு சிறு சொற்களால் நழுவிப் போயிற்று.

இவ்வாறு ஒரு வினையும் ஒரு சிறு சொல்லும் கூடி, தனித்தனியே இல்லாத புதுப்பொருளைத் தருவதை ஆங்கில இலக்கணத்தார் ‘பிரேசல் வெர்ப்’ என்பர். நாம் தொடர்வினை என்போம். ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பேணிக்காத்தல். ‘லுக் ஃபார்’ என்றால் தேடுதல். ‘லுக் இன்டு’ என்றால் ஆராய்தல். ‘லுக் டவுன் ஆன்’ என்றால் இழிவாக நோக்குதல். ‘லுக் அப் டு’ என்றால் உயர்வாக மதித்தல். வினை ஒன்றே, பின்வரும் சிறு சொல்லே பொருளை மாற்றிவிடுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள இடர் அன்று. 1755இல் பேரகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயலார்க்கு ஆங்கிலத்தில் பெருந்தொல்லை தருவது இத்தகைய கூட்டே என்று அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். எனவே, தெரியவில்லையே என்று நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை.

மேலும், நம் தாய்மொழியிலும் இதனையொத்த அமைப்பு உண்டு. ‘வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்கிறோம். அவன் எதையும் வாங்கவுமில்லை, கட்டவுமில்லை. திட்டோ அடியோ பட்டான். ‘விட்டுக்கொடு’, ‘கண்டுபிடி’, ‘போட்டுக்கொடு’ ஆகியவற்றை அகராதியில் சொல் சொல்லாகத் தேடும் அயலான் திகைப்பான் அல்லனோ? ஆங்கிலத்தில் ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ என வரும் ‘அப்’ மேலே என்று பொருள்படாது, செயல் முற்றிலும் முடிந்ததைக் காட்டும். நாம் ‘தின்றுவிடு’ என்று சொல்லும்போது ‘விடு’ செய்யும் வேலையும் ஏறத்தாழ அதுவே.

இவை எங்கிருந்து வந்தன? பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறு சொற்கள் பல வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. ‘அண்டர்ஸ்டாண்ட்’ அதன் எச்சம். பின்னர் அவ்வழக்கம் குன்றி, சிறு சொல் வினைக்குப் பின்னே நிற்கும் வழக்கம் வளர்ந்தது. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தோர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சும் இலத்தீனும் கோலோச்சின. உழுதோரும் நெய்தோரும் தம் பழஞ்சொற்களைக் கைவிடவில்லை. ஆகவே இன்றும் ஒரு பொருளுக்கு இரு சொற்கள் உள்ளன. பொறுத்தலுக்கு இலத்தீன் வழிவந்த ‘டாலரேட்’ ஒன்று, ‘புட் அப் வித்’ மற்றொன்று. தீ அணைத்தலுக்கு ‘எக்ஸ்டிங்குவிஷ்’ ஒன்று, ‘புட் அவுட்’ மற்றொன்று.

சில தொடர்வினைகள் தம் வரலாற்றைத் தாமே சுமக்கின்றன. பழைய தொலைபேசியில் பேசி முடித்தால் கேட்கும் கருவியைச் சுவரிலுள்ள கொக்கியில் மாட்டுவர். அதனால் இணைப்பைத் துண்டித்தல் ‘ஹேங் அப்’ ஆயிற்று. கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டை ‘லாக்’. அவ்வளவைப் பதிந்த ஏடு ‘லாக் புக்’. அவ்வழியில் வந்ததே இன்று கணிப்பொறியில் நாம் செய்யும் ‘லாக் இன்’.

நம் நாட்டு வழக்கும் தனித்தன்மை உடையது. நம் அலுவலகங்களில் கோப்பை ‘புட் அப்’ செய்க என்றால் மேலதிகாரியின் பார்வைக்கு வைக்க என்பது பொருள். கல்லூரிப் படிப்பை முடித்தேன் என்பதற்கு நம்மவர் ‘பாஸ் அவுட்’ என்பர். இங்கிலாந்திலோ அது பெரும்பாலும் மயங்கி விழுதலைக் குறிக்கும். பயிற்சி முடித்துப் படைவீரர் வெளியேறுவதற்கு அங்கும் அச்சொல் வழங்குகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் இதனை நினைவில் கொள்க.

இளைஞர்களே! இவற்றைப் பட்டியலாக நெட்டுருச் செய்யாதீர். ஒவ்வொன்றையும் உம் வாழ்க்கையைக் கூறும் ஒரு வாக்கியத்தில் அமைத்துக் குறிப்பேட்டில் எழுதுக. நாளொன்றுக்கு இரண்டு போதும். பொருள் விளங்காத இடத்தில் ஊகித்து விடையளியாது, ‘தயவுசெய்து மீண்டும் கூறுங்கள்’ என்று நிமிர்ந்து நின்று கேளுங்கள். அன்று நாம் அதைச் செய்யவில்லை. கேட்டால் நம்மைத் தாழ்வாக எண்ணுவரோ என்ற அச்சமே நம் வாயை அடைத்தது. அவ்வச்சம் உமக்கு வேண்டா.

நம் தெருவின் பேச்சைக் கொச்சை என்று இகழ்வோர் உண்டு. எளிய மக்களின் நாவில் வளர்ந்த தொடர்வினைகளையே இன்று உலகம் தேர்வு வைத்துக் கற்பிக்கிறது. எளியோர் பேச்சு எளிதில் அழிவதில்லை.

அன்று சொல்லத் தவறிய விடையை இந்த அவையில் சொல்லி அமர்கிறோம்: ‘மை கிராண்ட்மதர் பிராட் மீ அப்.’ எம்மை வளர்த்தவர் எம் பாட்டியார்.