யாருடைய கலப்புப் பயன்பாடு?

(பெங்களூருவில் தமிழ்த் தொழிலாளர்களிடையே, கட்டடத் திட்டங்கள் குறித்துக் கருத்துக் கூறும் மக்கள் உரிமை பற்றி ஆற்றிய உரை)

நகரத் திட்டமிடல் என்றதும் அது பொறியாளர்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். வண்ணம் தீட்டிய வரைபடத்தையும் சட்டப்பிரிவு எண்களையும் கண்டு தயங்குகிறோம். அந்தத் தயக்கத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இந்நகரத்து உழைப்பாளி மக்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். அந்த இடத்தின் பெயர் ஈஜிபுரா.

கோரமங்கலாவை அடுத்த ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி ஏறத்தாழ 1,500 வீடுகளைக் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியது. தரமற்ற கட்டுமானம் நிலைக்கவில்லை. 2007இல் ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. அதன்பின் மக்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். வீட்டு வேலை, துப்புரவு வேலை, கட்டட வேலை செய்தவர்கள். அவர்களுள் தலித்துகளும் சிறுபான்மையினரும் கணிசமானோர். தமிழ் பேசுவோர் பலர்.

அந்த நிலத்துக்காக மாநகராட்சி ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு. மறு பகுதியில் வணிக வளாகம். காகிதத்தில் பார்த்தால் இது கலப்புப் பயன்பாட்டுத் திட்டம்தான். 2013 ஜனவரியில் காவல்துறை புடைசூழ இயந்திரங்கள் வந்தன. சில நாட்களில் அங்கிருந்த குடும்பங்கள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. போக்கிடமற்ற பலர் அந்த நிலத்தின் ஓரத்து நடைபாதையிலேயே மாதக்கணக்கில் படுத்துறங்கினார்கள். இடிப்பதில் இருந்த வேகம் வீடு கட்டுவதில் இல்லை.

ஏன் இப்படி நேர்ந்தது? புதிய வீடு பெறத் தகுதியுடையவர்கள் தொடக்கத்தில் ஒதுக்கீடு பெற்றவர்களே என்று வரையறுக்கப்பட்டது. வாடகைக்குக் குடியிருந்தவர்களும், கைமாறிய வீட்டில் ஆவணமின்றி வாழ்ந்தவர்களும் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ ஆனார்கள். ஒரு சொல்லை மாற்றியதால் ஒரு மனிதரின் பல ஆண்டு வாழ்க்கையே சட்டவிரோதமாகிவிட்டது.

சொற்களோடு நாள்தோறும் போராடும் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ‘கலப்புப் பயன்பாடு’ என்பது வீடும் கடையும் அலுவலகமும் ஒரே இடத்தில் அமைவதைக் குறிக்கும் சொல். சிவாஜிநகரிலும் ஈஜிபுராவிலும் நம் மக்கள் அப்படித்தான் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். முன்னறையில் தையல் இயந்திரம், பின்னறையில் அடுப்பு, வாசலில் இட்லிக் கடை. அதைத் திட்டமிடுவோர் ‘நெரிசல்’ என்பார்கள். அதே கலவையைக் கண்ணாடிச் சுவருக்குள் வைத்தால் ‘வளர்ச்சி’ என்பார்கள்.

உயர்ந்த கட்டடங்களுக்கு நாம் எதிரிகள் அல்லர். பணியிடத்துக்கு அருகில் வீடும், வீட்டுக்கு அருகில் பேருந்தும் மெட்ரோவும் கிடைப்பது தொழிலாளிக்கும் நல்லதே. அந்த வீடு யாருக்கு, எவ்வளவு வாடகைக்கு, முன்பே அங்கிருந்தவர் எங்கே போவார் என்பவையே நம் கேள்விகள்.

இக்கேள்விகளை எங்கே எழுப்புவது? கர்நாடக நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டம், 1961, பிரிவு 14-அ இன்படி, ஒரு நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு முன் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது 15 நாள் தரவேண்டும். ஆனால் காலை 6 மணிக்குத் துடைப்பத்தோடு கிளம்பும் பெண்ணின் கண்ணில் அந்தச் சிற்றெழுத்து அறிவிப்பு எப்போது படும்? பயன்பாட்டு மாற்றம் தேவைப்படாத திட்டத்துக்கு அந்த வாசலும் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கும் அளித்தது. நிலத்தடி நீர், சாக்கடை, போக்குவரத்து எல்லாம் ஆராயப்படும். அங்கே வாழும் மனிதரிடம் மட்டும் கேட்க வேண்டியதில்லை!

மக்கள் பிரதிநிதிகள் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளும் தேர்தலின்றியே கழிந்தன. பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரு பங்கினர், உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் தம்முள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களாக இருக்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243ZE பிரிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத நகரில் அந்த மூன்றில் இரு பங்கு எங்கிருந்து வரும்? அதிகாரிகளும் நில முதலாளிகளும் மட்டும் பேசும் அறையில் நகரம் பங்கு போடப்படுகிறது.

பம்பாய் ஆலைத் தொழிலாளர்களின் பாடமும் நமக்குண்டு. 1991இன் விதி, மூடிய ஆலை நிலங்களை மறுசீரமைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றது. கட்டடமில்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே இப்பங்கீடு என்று 2001இல் விதி திருத்தப்பட்டது. ஆலைக் கட்டடங்கள் நின்ற பெரும்பரப்பு கணக்கிலிருந்தே நழுவியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. கோட்டையைக் கைப்பற்றப் படை தேவைப்படவில்லை. ஒரு வரி போதுமாயிருந்தது.

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவானவை. அறிவிப்பு திட்ட நிலத்தின் வாசலிலேயே, முதலில் கன்னடத்தில், பெரிய எழுத்தில் ஒட்டப்படவேண்டும். தமிழ், தெலுங்கு, உருது பேசுவோருக்கு வாய்மொழியாகவும் விளக்கப்படவேண்டும். இதில் மொழிப்பகைக்கு இடமில்லை. ஆங்கிலக் கோப்புக்கு வெளியே நிற்பதில் கன்னடத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒன்றே. விசாரணை மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அதே பகுதியில் நடக்கவேண்டும். வாடகைக் குடியிருப்போரும் நடைபாதை வியாபாரிகளும் கணக்கெடுப்பில் இடம்பெற வேண்டும். மாற்று வீட்டின் சாவி கையில் வருமுன் ஒரு சுவரும் இடிபடக்கூடாது.

இவை தாமாக வாரா. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் வரும் அறிவிப்புகளை வாரந்தோறும் பார்த்து, மக்களுக்குப் படித்துக் காட்டி, கெடுவுக்குள் ஆட்சேபணை மனு எழுதித்தரும் பணியை ஏற்கவேண்டும். ஈஜிபுராவில் இயந்திரம் வந்த பின்பே ஊர் திரண்டது. அடுத்த முறை காகிதம் வரும்போதே திரள்வோம்.