கெமுந்திங் செடியும் பெரியவரின் நோட்டும்

 

பொன்விழா மேடையில் வியாபாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் மளிகைக் கடையில் நிற்பவர்கள் நாங்கள். கடையில் நடந்ததையே சொல்கிறோம்.

எங்கள் கடையின் நாட்டு மருந்துச் சாமான்களை அத்தா காலத்திலிருந்து ஒரு பெரியவர் கவனித்து வந்தார். அவர் மர்ஹூமாகி ஏழு ஆண்டுகள். அவர் விட்டுப்போன நோட்டு அரபுத் தமிழில் இருக்கிறது. மதரஸாவில் ஓதிய எழுத்துதானே என்று தட்டுத் தடுமாறி வாசித்துவிட்டோம். பெயர்கள் தெரிகின்றன. ஆனால் பாதிப் பெயருக்கு இது எந்த வேர், எந்த இலை என்று காட்ட ஆள் இல்லை. கேட்டிருக்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை.

அந்தக் கவலையில் தேடப் போனபோதுதான் நம் ஊர்ச் சங்கதி கிடைத்தது. கெமுந்திங் என்பதே ஒரு செடி. ரோஜா நிறப் பூ, கருநீலப் பழம். நீலகிரியில் இதைத் தவுட்டுப்பழம் என்பார்கள். இங்கே மலாய்க் கம்பங்களில் வயிற்றுப்போக்குக்குக் கை வைத்தியம்.

1880களில் நம் லாருட் காடுகளில் ஹெர்மன் குன்ஸ்ட்லர் என்பவர் செடிகள் சேகரித்தார். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜார்ஜ் கிங்குக்காகச் செய்த வேலை. காயவைத்து அனுப்பிய கிளைகளின் சீட்டுகளில் ‘டாக்டர் கிங்கின் சேகரிப்பாளர்’ என்றுதான் இருக்கும். காடு காடாய் அலைந்தவருக்கே இந்த நிலை. அவருக்கு வழி காட்டியவர்கள், மரத்தின் பெயர் சொன்னவர்கள் யாரென்று எங்கே போய்த் தேடுவது?

தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் 1883இல் தொடங்கியது. நாமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளாகப் போய் ஓடி விளையாடிய இடம். அதன் காப்பாளர் லியோனார்ட் ரே 1892இல் ‘ஆக்கார் தூபா’ வேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒராங் அஸ்லிகளும் மலாய்க்காரர்களும் அந்த வேரை நசுக்கி ஆற்றில் கலப்பார்கள்; மீன் மயங்கி மிதக்கும். வேரிலுள்ள நஞ்சு செவுள் வழியே ஏறி, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடுகிறது. (பிள்ளைகள் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம், இன்று அது சட்டப்படி குற்றம்.) 1848இலேயே சிங்கப்பூரில் ஆக்ஸ்லி என்ற டாக்டர், ஜாதிக்காய்த் தோட்டத்துப் புழுக்களுக்கு இந்த வேரைப் பரிந்துரைத்திருக்கிறார். பின்னால் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்து ‘ரோட்டினோன்’ என்று பெயரிட்டார்கள். உலகமெங்கும் பூச்சி மருந்தாக விற்றது. மலாயாவிலிருந்து வேர் கப்பலேறியது.

வியாபாரிகளான நமக்கு இது உறைக்க வேண்டும். சரக்கு போயிருக்கிறது, கணக்கில் கொடுத்தவர் பெயர் இல்லை.

ஒரு பெயர் மட்டும் தப்பி நிற்கிறது: முகமது ஹனீஃப். பினாங்கு தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்தவர். பூங்காக்களின் இயக்குநராயிருந்த பர்கில்லோடு சேர்ந்து மலாய்க் கிராம வைத்தியக் குறிப்புகளைத் திரட்டினார். 1930இல் அவை ஆய்விதழில் வந்தபோது, வெள்ளைக்காரர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் அச்சாகி வந்தது. ஒரு ஆர்க்கிட் வகைக்கும் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். முதலில் பார்த்தபோது கடையில் வாடிக்கையாளர் காத்திருப்பதையும் மறந்து இரண்டு முறை வாசித்தோம். பர்கில் 1935இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட மலாயாத் தாவரப் பொருள் அகராதியை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது புது நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். செடியின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், எதற்கு, எப்படி என்று கட்டம் போட்டிருக்கிறது. கடைசிக் கட்டம் ‘சொன்னவர்’. இதுவரை 31 செடிகள் சேர்ந்திருக்கின்றன. அதில் 19, இதோ முன்வரிசையில் இருக்கும் நன்னிமார் மூவர் சொன்னவை. காய்ந்த இலையோ வேரோ வீட்டில் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். அஸருக்குப் பிறகு கடையில் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து எழுதலாம்.