ஆயாவைக் கேட்டால்தான் தெரியும்!



எதிரணித் தலைவர் கேட்டார்: "பள்ளிக்கூடத்துலதான் வரலாறு சொல்லித் தர்றாங்களே, வீட்டுக் கதை வேற எதுக்கு?"

ஐயா, நான் கோரிமேட்டுக்காரன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் எங்க ஊரு எல்லை. இந்தப் பக்கம் பிரான்சு ஆட்சி, அந்தப் பக்கம் இந்தியா!

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. இது பாடப் புத்தகம். எழுதினால் மார்க்!

ஆனால், அதற்குப் பிறகு ஆறு மாத அவகாசம் இருந்ததே! இங்கே பிறந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எங்க பெரிய தாத்தா எழுதிக் கொடுத்தார். எங்க தாத்தா கொடுக்கலை. ஒரு கையெழுத்து, ரெண்டு தேசம்! அவர் கொள்ளுப்பேரன் பாரீசில், என் பையன் கோரிமேட்டில். கல்யாண வீட்டில் சந்தித்தால் இவன் 'ஹலோ' என்கிறான், அவன் 'போன்ழூர்' என்கிறான்! (சிரிப்பு)

அண்ணன் ஏன் எழுதிக் கொடுத்தார்? பென்ஷனா, பிள்ளைங்க எதிர்காலமா? தம்பி ஏன் மறுத்தார்? எந்தப் புத்தகத்தில் இருக்கு? ஆயாகிட்டதான் இருக்கு! அதைக் கண்ணால பார்த்தவங்களுக்கு இப்போ எண்பது வயசுக்கு மேல. இன்னைக்குக் கேட்காவிட்டால் என்றைக்குக் கேட்பது? (கைதட்டல்)

"அஞ்சு வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் புரியுமா?" என்பீர்கள். ஒப்பந்தம் புரியாது. "பெரிய தாத்தா ஊரை விட்டுக் கிளம்பின அன்னைக்கு, ஆயா புளிச்சோறு கட்டிக் குடுத்துட்டு அடுப்படியில உட்கார்ந்து அழுதுச்சு" என்று சொல்லுங்கள், புரியும்! "ஏன் அழுதுச்சு?" என்று கேட்கும். அந்த 'ஏன்'தான் ஐயா வரலாறு!

பெருமையை மட்டும் சொல்லாதீங்க. பட்ட கஷ்டத்தையும், பிரிஞ்ச கதையையும் சொல்லுங்க. காரணம் தெரியாத பிள்ளை, சொந்தக்காரனை அந்நியனாகப் பார்க்கும்.

இதே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அந்தக் கால ஊரு இன்றைக்கும் நம் கண்முன் நிற்கிறது. எல்லாராலும் எழுத முடியாது. சொல்ல முடியுமே!

எனவே, பிள்ளைகளுக்குக் குடும்பக் கதை அவசியம் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.